ஆறு நிமிஷம் பாக்கி

பந்து மேலே போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலே காலுக்கு. அது கீழே வந்தது இருபத்திரண்டு வருஷம் கழித்து ஒரு வியாழக்கிழமைச் சந்தையில். இரண்டுக்கும் நடுவில் சாந்தா பிரீகிதாவில் இரண்டு வெள்ளம் வந்து வடிந்தது, எத்தனையோ கல்யாணம் நடந்தது, ஜனாதிபதி ஒருவர் கப்பலை விட்டு இறங்காமலே கையசைத்துவிட்டுப் போனார். இதையெல்லாம் அந்த ஊர்க்காரர்கள் நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள். தெல்மீராவைப் பற்றிக் கேட்டால் மட்டும் “எந்த தெல்மீரா?” என்பார்கள். அதனால்தான் அவள் கதையை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த ஊர் தென் அமெரிக்காவில், எதிர்க்கரை வெறும் புகைக்கோடாகத் தெரிகிற அளவு அகலமான ஒரு பழுப்பு ஆற்றின் ஓரத்தில் இருக்கிறது. உப்புக்கண்டம்தான் பிழைப்பு. மாட்டை அறுத்து, உப்பில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, கோணியில் தைத்துக் கப்பலேற்றுவார்கள். ஆண்கள் வெட்டுக் கொட்டகையில், பெண்கள் கோணி தைக்கும் கொட்டகையில், நாய்கள் இரண்டுக்கும் நடுவில். ரயில்பாதை போட வந்த இங்கிலீஷ்காரர்கள் தண்டவாளத்தோடு ஒரு தோல்பந்தையும் கொண்டுவந்தார்கள். பாதை ஆற்றை எட்டுவதற்குள் ஊர் பந்துக்கு அடிமையாகிவிட்டது. அக்கரையில் எல் தலா என்ற ஊரிலும் அதே வியாதி பரவியிருந்ததால், இரண்டு ஊரும் சேர்ந்து ஆற்றங்கரைக் கோப்பை என்று ஒன்றை ஏற்படுத்தின. அந்தப் பக்கத்துக்கே அதுதான் முதல் கோப்பை. இறுதி ஆட்டம் இரண்டு தடவை சமநிலையில் முடிந்து, மூன்றாவது தடவை சாந்தா பிரீகிதாவில் வைத்தார்கள். இதில் ஜெயித்தவனுக்குக் கோப்பை, அவ்வளவுதான்.

வெட்டுக் கொட்டகையில் ஒரு வார்த்தை இருந்தது: மியா. அவர்கள் பாஷையில் ‘என்னுடையது’ என்று அர்த்தம். தலைக்கு மேலே ஓடுகிற இரும்புக் கம்பியில் கொக்கி மாட்டிய அரை மாடு சறுக்கிக்கொண்டு விசையோடு வரும். அதைப் பிடிக்கப்போகிறவன் “மியா!” என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் மற்றவர்கள் கத்தியைத் தாழ்த்தி ஒதுங்கிவிட வேண்டும். கூப்பிட்டவன் மட்டும் ஒதுங்கவே கூடாது. இரண்டு பேர் பாய்ந்தால் விரல் போகும், யாருமே பாயாவிட்டால் உயிர் போகும். கூப்பிட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அந்தக் கொட்டகையில் வார்த்தையே கிடையாது. ஆறு நாள் வெட்டுக் கொட்டகையிலும் ஏழாம் நாள் மைதானத்திலும் இருந்தவர்கள் என்பதால் இந்த வழக்கமும் அவர்களோடு மைதானத்துக்கு வந்துவிட்டது. உயரப் பந்துக்கு ஒருவன் மியா சொன்னால் அவன் கூடப்பிறந்தவன்கூட அதைத் தொடமாட்டான்.

சாந்தா பிரீகிதாவின் கோல்கீப்பர் நிக்காசியோ அதுவரை ஒரு தடவைகூட மியா சொன்னதில்லை. அதற்குக் காரணம் அவனுடைய அப்பன். நிக்காசியோவுக்கு நாலு வயதாக இருந்தபோது அந்த மனுஷன் கொட்டகையில் மியா என்று கூப்பிட்டுவிட்டு, என்ன நினைத்தானோ, கண்ணிமைக்கும் நேரம் விலகிவிட்டான். அவனை நம்பிப் பின்னால் முதுகைத் திருப்பி நின்றுகொண்டிருந்த ஒருவர் மேல் கொக்கியும் மாடும் சேர்ந்து இறங்கியது. அன்று சாயங்காலமே அப்பன் படகேறிப் போனவன்தான். பிள்ளையை ஊர் வளர்த்தது; ஆனால் சோறு போட்ட வீடுகளிலெல்லாம் அவனுக்கு ஒரே பெயர்தான், ‘கூப்பிட்டு விலகினவன் மகன்’. அதனால் அவன் எதையும் கூப்பிடாதவனாக வளர்ந்தான். எல்லோரும் கூப்பிட்டு எடுத்தது போக மீந்ததை எடுத்துக்கொள்வான். உயரப் பந்து வந்தால் வாயை மூடிக்கொண்டு நிற்பான், பாதுகாப்பு ஆட்டக்காரன் கயேத்தானோ கூப்பிட்டு அடிப்பான்.

செத்துப்போனவர் தெல்மீராவின் தாய்மாமன். ஆகாத இடத்தில்தான் ஆசை போய் நிற்கும் என்பார்கள், அப்படித்தான் ஆயிற்று. அவள் கோணி தைப்பவள். கைநீள ஊசியும் நல்ல நாக்கும் உடையவள். எதையும் தனக்கென்று கேட்காத ஆண்பிள்ளையை அவள் அதுவரை பார்த்ததில்லை, அதனாலேயே அவன்மேல் அவளுக்கு மனசு போயிற்று. தன்னையும் அவன் கேட்கமாட்டான் என்பது இரண்டு வருஷம் காத்திருந்த பிறகுதான் உறைத்தது. கடைசியில் அவளே சொன்னாள்: “ஞாயித்துக்கிழமை மேட்ச் முடிஞ்சதும் வீட்டுக்கு வந்து எங்கம்மாகிட்ட கேளு. நீ கேட்கலைன்னா நான் கோணியோட கோணியா என்னையும் தைச்சுக் கப்பல்ல ஏத்திக்குவேன்.”

“முடிஞ்சதும் வர்றேன்,” என்றான் நிக்காசியோ.

முடிந்ததும் என்றான் பாருங்கள், அந்த ஒரு சொல்லில்தான் இருபத்திரண்டு வருஷமும் போயிற்று.

அன்றைக்கு சாந்தா பிரீகிதா இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் இருந்தது. ஆறு நிமிஷம் பாக்கி. எல் தலாக்காரர்கள் பதினோரு பேரும் இந்தப் பக்கக் கோலுக்கு முன்னால் வந்து மொய்த்தார்கள். கயேத்தானோ பதற்றத்தில் பந்தின் அடிவயிற்றில் உதைத்தான். அது முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் நெட்டுக்குத்தாக வானத்துக்கு ஏறியது. கயேத்தானோ வாயைத் திறப்பதற்குள் நிக்காசியோ கோட்டோரம் நின்ற தெல்மீராவை ஒருமுறை பார்த்தான், பிறகு மேலே பார்த்தான், பிறகு ஆயுசில் முதல்முறையாக, ஆற்றங்கரைக் கொக்குகள் எழும்புகிற மாதிரி, “மியா!” என்று கூப்பிட்டான். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அந்த வார்த்தை பந்துக்கா தனக்கா என்று தெல்மீராவுக்கு ஒரு கணம் குழம்பிப்போய், காது மடல் சுட்டது. சொந்த ஆட்டக்காரர்களும், அதே கொட்டகை வழக்கம் தெரிந்த எதிர் ஆட்டக்காரர்களும் விலகி வட்டமாக இடம் விட்டார்கள். நிக்காசியோ கைகளை விரித்து நின்றான். பந்து எலுமிச்சம்பழம் அளவுக்குச் சிறுத்து அங்கேயே நின்றுவிட்டது.

முதல் கால்மணி நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பேச ஆரம்பித்தார்கள், ஆனால் பந்து ஏன் நிற்கிறது என்று ஒருவனும் கேட்கவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்றுதான் கேட்டார்கள்.

“பந்து கோட்டுக்குள்ள இருக்கா, வெளியவா?”

“மேலே இருக்கு.”

“மேலேன்னா?”

“கோட்டுக்குள்ள மேலே.”

நடுவர், ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த பார்லோ துரை, சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். பந்து தரையைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் எல்லைக்குள் இருக்கிறவரை ஆட்டத்தில்தான் இருக்கிறது, ஆகவே ஊதுவதற்கில்லை என்றார். ஆனால் ஒன்றும் நடக்காத நேரத்தை இரண்டு ஊர்க்காரர்களின் தலையில் கட்டுவது நியாயமில்லை என்று கடிகாரத்தை நிறுத்திச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ஆறு நிமிஷம் பாக்கி. எல் தலாக்காரர்கள் இருட்டும்வரை நின்றுவிட்டுக் கடைசிப் படகில் போனார்கள். தங்கள் முன்கள ஆட்டக்காரன் ஒருவனை மட்டும், பந்து விழுந்தால் தலையால் முட்ட ஆள் வேண்டுமே என்று, விட்டுவிட்டுப் போனார்கள். அவன் மூன்று நாள் கழுத்தை நிமிர்த்தி நின்றான். நாலாம் நாள் விடுதிக்காரர் மகள் அவன் கழுத்துக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். அந்த வருஷமே அவர்களுக்குக் கல்யாணம் ஆயிற்று.

நிக்காசியோ மட்டும் நின்றான். நின்றான் என்றால் மேலே பார்த்துக்கொண்டு, உள்ளங்கை இரண்டும் வானத்துக்கு, நின்றான். மீன்போலக் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டான். மற்ற உபாதைகளுக்கு என்ன செய்தான் என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நகராட்சி ஒரு தட்டி வைத்து மறைப்புக் கட்டிக்கொடுத்தது. கண்ணைத்தான் எடுக்கக் கூடாது, மற்றபடி மனுஷன் மனுஷன்தானே. மழைக்குக் கூரை போடலாமா என்று மூன்று கூட்டம் நடந்தது. கூரை போட்டால் பந்து கூரையில் விழும், கூரை ஆட்டக்காரன் ஆகிவிடும் என்று வேண்டாமென்று விட்டார்கள்.

ஊர் பந்துக்குப் பழகிய வேகம் இருக்கிறதே, அதுதான் அதிசயம். நாவிதர் கழுத்துச் சுளுக்குக்கு ஒரு தைலம் காய்ச்சினார், கப்பல்காரர்கள்கூட வாங்கிப் போனார்கள். படகோட்டிகள் மணல்திட்டைத் தவிர்க்கப் பந்தை அடையாளம் வைத்துக்கொண்டார்கள்: பந்தும் கோயில் கோபுரமும் ஒரே நேர்கோட்டில் வந்தால் வலதுபக்கம் திரும்பு. பந்தின் நிழல் மதியத்தில் எந்த இடத்தில் விழுகிறது என்று பார்த்து உப்புக்கண்டத்தைப் புரட்டிப் போட்டார்கள். துப்பாக்கியால் சுட்டு இறக்கலாம் என்று சொன்ன ஒருவனை, அது கையால் தொட்ட குற்றத்தைவிட மோசம் என்று ஊரே வைதது. பிஷப்புக்கு எழுதிக் கேட்டதற்கு, பந்து விழுவது எப்படி இயற்கையோ விழாமலிருப்பதும் அப்படியே, இதற்காகப் பூசை எதுவும் மாற்ற வேண்டாம் என்று பதில் வந்தது. மண்கூடு கட்டும் குருவிச் சோடி ஒன்று பந்தின் மேல் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது, அப்போதும் அது இறங்கவில்லை. அந்த வருஷங்களில் பிறந்த பிள்ளைகள் எல்லா ஊருக்கும் ஒரு பந்து உண்டு என்றே நினைத்தார்கள். வெளியூர் போய்த் திரும்பிய ஒரு பெண்பிள்ளை, “பாவம்மா அவங்க, மேலே ஒண்ணுமே இல்ல,” என்று அழுததாம்.

தெல்மீரா தினமும் மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனாள். சோளமும் எலும்பும் போட்டுக் காய்ச்சிய குழம்பு, ரொட்டி, ஒரு துண்டு பூசணி. அவன் மேலே பார்த்தபடி கையை நீட்டுவான், அவள் கையில் வைப்பாள். மாத்தே இலைக் கஷாயத்தைக் குடுவையோடு பிடித்து அதன் உறிஞ்சுகுழலை அவன் உதட்டில் வைப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து கோணிக் கொட்டகைக் கதையெல்லாம் சொல்வாள். யார் யாரோடு பேசுவதில்லை, யாருக்குக் குழந்தை, அம்மாவுக்கு முட்டிவலி. அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வான், நல்ல பதிலும் சொல்வான், வானத்தைப் பார்த்து. முதல் வருஷம் அவளும் மேலே பார்த்துக்கொண்டு பேசினாள். அப்புறம் அலுத்துப்போய் அவனைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவனுடைய கழுத்துதான். தொண்டைக் குமிழ் எப்போது ஏறும் எப்போது இறங்கும், தாடைக்கு அடியில் எந்த மச்சத்தில் முதலில் முடி முளைக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கண் என்ன நிறம் என்பது மெல்ல மறந்துகொண்டு வந்தது.

நாலாம் வருஷம் அம்மாவே இறங்கிவந்தாள். “விலகாம நிக்கிறான்டி,” என்றாள், ஏதோ தோற்றுப்போனவள்போல. “அவங்கப்பன் மாதிரி இல்ல. பண்ணிக்கோ.” பாதிரியார் கோலுக்குள்ளேயே வந்து மந்திரம் சொல்கிறேன் என்றார். ஊர் கொடி கட்டத் தயாராயிற்று.

“மோதிரம் போடறப்பவாவது என்னைப் பார்ப்பியா?” என்று தெல்மீரா கேட்டாள்.

குமிழ் ஏறி நின்றது.

“பார்க்காம போட்டா பாதிரியார் விரல்ல போட்டுடுவ,” என்று அவளே சிரித்துவிட்டு, “சரி, அப்புறம் பார்க்கலாம்,” என்றாள். கல்யாணம் அப்புறத்துக்குத் தள்ளிப்போயிற்று. அன்று அவள் வீட்டுக்கு நேராகப் போகாமல் ஆற்றோரமாகச் சுற்றிக்கொண்டு போனாள், அழுத முகம் ஆறட்டும் என்று.

இலவு காத்த கிளி என்று நம் பக்கம் சொல்வோம். அந்தக் கிளியை நினைத்துப் பாவப்படுகிறோம். அந்தக் கிளியைக் காத்துக்கொண்டு இன்னொரு கிளி இருந்திருந்தால் அதை யார் கண்டது? ஊர்ப்பெண்கள் நிக்காசியோவைக் கடக்கும்போது சிலுவை போட்டுக்கொண்டார்கள், அவனுடைய தனிமையைப் பற்றிப் பாதிரியார் பிரசங்கம் செய்தார். பக்கத்தில் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தவளுக்கு யாரும் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை.

ஏழாம் வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள், உட்காரவில்லை.

“நிக்காசியோ, ஒண்ணு கேட்கட்டா?”

“கேளேன்.”

“ஒரே ஒரு தடவை என்னைப் பாரு. எனக்கு இருபத்தேழு வயசாச்சு. நெத்தியோரம் ஒரு முடி நரைச்சிருக்கு. அதையாவது பார்த்துட்டு அப்புறம் மேலே பாரு.”

“அந்த நேரத்துல விழுந்துட்டா?”

“விழட்டுமே.”

“கூப்பிட்டுட்டேன் தெல்மீரா.”

“தெரியும். அக்கரைக்கே கேட்டுது.”

“எங்கப்பனும் கண்ணு இமைக்கிற நேரம்தான் விலகினான். உங்க மாமா—”

“செத்த மாமாவை நாங்க பார்த்துக்கறோம். உயிரோட இருக்கிற என்னை நீ பாரு.”

அவன் கை இரண்டும் வானத்துக்கு விரிந்தபடியே இருந்தன. அவளுக்கு அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இழுக்க வேண்டும்போல இருந்தது, இழுக்கவில்லை. வழக்கம் அவளுக்கும் வழக்கம்தான்.

“வியாழக்கிழமைப் படகுல அக்கரை போறேன்,” என்றாள். “அங்கேருந்து ரயிலேறித் தலைநகரத்துக்கு, சித்தி வீட்டுக்கு. வேண்டாம்னு தோணினா படகுத்துறைக்கு வா. வந்து ஒண்ணும் சொல்ல வேண்டாம். வந்தா போதும்.”

வியாழக்கிழமை காலையில் தெல்மீரா துணிப்பெட்டியோடு படகுத்துறையில் நின்றாள். படகு பத்து மணிக்கு. மைதானத்திலிருந்து துறைக்கு வருகிற பாதை நேராக, ஒரு வளைவும் இல்லாமல், அவள் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. அதில் ஒரு ஆட்டுக்கூட்டம் வந்தது. உப்பு வண்டி வந்தது. கயேத்தானோ வந்தான், அவன் பெண்டாட்டி வந்தாள். ஒவ்வொரு புள்ளியும் மனுஷனாக வளர்ந்து, அவனாக இல்லாமல் போயிற்று. படகுக்காரன் பத்தரைவரை தாமதம் செய்தான். ஊரில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். பிறகு அவனும் கயிற்றை அவிழ்த்தான். அவள் ஏறவில்லை. போக வேண்டும் என்று அவளுக்கு எந்தக் காலத்திலும் தோன்றியதில்லை, அவன் வர வேண்டும் என்றுதான் தோன்றியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே நேர்ப்பாதையில் திரும்பி நடந்தபோது அவளுக்கு உண்டான வெட்கம் மாதிரி ஒரு வெட்கம் எதிரிக்கும் வேண்டாம். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள்: “அவன் கேட்டா நான் போயிட்டேன்னு சொல்லுங்க.”

பந்தையே தாங்கிய ஊருக்கு இந்தப் பொய் ஒரு பாரமா? அவன் ஒரு மாதம் கேட்டான். தெல்மீரா போயிட்டாளா? போயிட்டா. படகுலயா? படகுலதான். அழுதாளா? தெரியாது. பிறகு கேட்பதை விட்டுவிட்டான். ஊரும் அதையே சொல்லிச் சொல்லி, சில வருஷத்தில் அதை நம்பவும் தொடங்கிவிட்டது. கோணிக் கொட்டகையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கிற பெண்ணே ஒருநாள் பெருமூச்சு விட்டு, “நம்ம தெல்மீரா இருந்திருந்தா இந்த நேரம் விழுந்து விழுந்து சிரிச்சிருப்போம்,” என்றாள். தெல்மீரா ஊசியைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிக்காசியோவின் சாப்பாட்டுக்கு நகராட்சி முறை வைத்தது, வீட்டுக்கு ஒரு நாள். அறுபது வீட்டில் ஒரு வீடு தெல்மீராவுடையது. இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் அவள் பாத்திரத்தோடு போவாள், வாயைத் திறக்கமாட்டாள், அவன் கையில் ரொட்டியை வைப்பாள். காலடிச் சத்தத்திலாவது, கை சூட்டிலாவது கண்டுபிடிப்பான் என்று முதல் முறை நெஞ்சு அடித்துக்கொண்டது. “நன்றிம்மா,” என்றான் அவன், எல்லோரிடமும் சொல்வதுபோல. அடுத்த முறையும் நன்றிம்மா. குரலைக் காட்டினால் ஒரே வார்த்தையில் தெரிந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? ஏழு வருஷம் அவன் கேட்டது அந்தக் குரலை மட்டும்தானே. ஆனால் துறைக்கு வராதவனிடம் தானாகப் போய்க் குரல் கொடுப்பதா? பதினைந்து வருஷம் அந்தக் கேள்வியைக் கொண்டுபோய் அப்படியே திரும்பக் கொண்டுவந்தாள். இடையில் அம்மா இறந்தாள். ஒரு தச்சன் பெண் கேட்டு வந்தான், நல்லவன். போயிட்டா என்று சொல்லுங்கள் என்று உள்ளே இருந்தபடியே சொல்லியனுப்பினாள்.

மைதானம் மெல்ல மெல்ல மைதானமாக இல்லாமல் போயிற்று. உப்புக்கண்டத்துக்குக் கிராக்கி குறைந்து ஆலை மூடியது. எல் தலாவின் சங்கம் கலைந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகள் இப்போது சைக்கிள் பந்தயம் விட்டார்கள். பார்லோ துரை காலமானபோது நிறுத்திய கடிகாரத்தையும் அவரோடு புதைத்தார்கள். மைதானத்தின் எதிர்ப்பக்கத்துக் கோல்கம்பங்களை யாரோ வீட்டு நிலைக்காகப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். புல்வெளியில் வியாழக்கிழமைச் சந்தை கூடியது. வெங்காயம், கோழி, பழைய துணி. கூடாரங்கள் நிக்காசியோவின் கோலைச் சுற்றி வந்து, அவன் முன்னால் மட்டும் ஒரு பாய் அளவு இடத்தை விட்டு நின்றன. புதிதாய் வந்தவர்களுக்கு அவன் யாரென்று தெரியாது. துணி காயப்போட அவன் கைகளைக் கேட்டவர்களும் உண்டு.

அந்த வியாழக்கிழமை தெல்மீராவின் முறை. காலைச் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வெங்காயக்கடையைத் தாண்டி அவள் வந்துகொண்டிருந்தபோது நிக்காசியோவின் தொண்டைக் குமிழ் ஏறுவதைப் பார்த்தாள். அப்படி அது ஏறி அவள் பார்த்ததில்லை. அண்ணாந்து பார்த்தாள். எலுமிச்சை ஆரஞ்சாகி, ஆரஞ்சு பூசணியாகி, பந்து தன் பாட்டுக்கு, சாதாரணமாக எந்தப் பந்தும் விழுவதைப்போல விழுந்தது. நிக்காசியோ அரை அடி பின்னால் வைத்தான். முழங்காலை மடக்கினான். நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான். தோலில் ஈரம்கூட இருந்தது. கச்சிதமான பிடி, இரண்டாயிரம் பேர் பார்த்திருந்தால் ஊர் அதிர்ந்திருக்கும். அங்கே பேரம் பேசிக்கொண்டிருந்தவர்களில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். இறைச்சிக் கடை போட்டிருந்த கயேத்தானோ, இப்போது தொந்தியும் மூச்சிரைப்புமாக இருந்தவன், தொப்பியைக் கழற்றினான்.

“இன்னும் ஆறு நிமிஷம் இருக்குடா,” என்றான் தழுதழுத்து. யாரிடம் சொல்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை.

நிக்காசியோ கண்ணைக் கீழே இறக்கினான். அது இறங்கவே நேரம் பிடித்தது. முதலில் கூடார உச்சிகள், பிறகு கோழிக்கூண்டுகள், பிறகு எதிரே பாத்திரத்தோடு நின்ற ஒரு பெண்பிள்ளை. வானத்தையே பார்த்துப் பார்த்து வெளுத்துப்போன அந்தக் கண்கள் தெல்மீராவின் நெற்றியில், கன்னத்தில், வாயில் ஒவ்வொரு இடமாக நின்று நகர்ந்தன. தேன் நிறம். அதைத்தான் அவள் மறந்திருந்தாள். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது, தலை முழுக்க நரைத்திருந்தது. சொல், என்று உள்ளே ஒன்று கதறியது. என் பேரைச் சொல். என்ன வேண்டுமானாலும் சொல்.

“அம்மா,” என்றான் நிக்காசியோ, மிக மரியாதையாக. “தெல்மீரான்னு ஒருத்தி இருந்தா. கோணி தைக்கிறவ. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவ எந்தப் படகுல போனா?”

கயேத்தானோ தொப்பியை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டான். தெல்மீரா கயேத்தானோவைப் பார்த்தாள். சொல்லிவிடட்டுமா என்று அவன் கண்ணால் கேட்டான். அவள் தலையை இடவலமாக ஆட்டினாள். நிக்காசியோ தேடுவது இருபது வயதுக்காரியை. அவள் உண்மையிலேயே போய்விட்டாள், எந்தப் படகிலென்று தெல்மீராவுக்கும் தெரியாது. அவள் கையைத் தூக்கி ஆற்றுப் பக்கம் காட்டினாள்.

“நன்றிம்மா,” என்றான் அவன்.

அந்தக் காலத்துச் சட்டப்படி கோல்கீப்பர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு எட்டுக்கு மேல் நடக்கக் கூடாது. ஆட்டம் முடிந்ததாக யாரும் ஊதவில்லையே. அதனால் அவன் இரண்டு எட்டு வைத்துப் பந்தைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிப் பிடித்தான், மறுபடி இரண்டு எட்டு, மறுபடி ஒரு தட்டு. வெங்காயக் கடைக்கும் கோழிக் கடைக்கும் நடுவில், குழந்தைகளைச் சுற்றிக்கொண்டு, பிறகு துறைக்குப் போகிற நேர்ப்பாதையில், ஒரு தரமும் திரும்பிப் பார்க்காமல், தட்டித் தட்டிக்கொண்டு போனான். தடதடவென்று ஓட வேண்டியவன் சட்டத்துக்குப் பயந்து நடந்தான், ஆனால் அவசரமான நடை அது, படகு போய்விடுமோ என்ற நடை. பதினைந்து வருஷமாக அவள் பார்க்க ஆசைப்பட்டது அந்த நடையைத்தான். கூப்பிட்டால் நின்றுவிடுவான் என்று தெரிந்தும் கூப்பிடாமல், அது புள்ளியாகி மறைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

பத்து மணிப் படகு அன்று நேரத்துக்குக் கிளம்பியது. சங்கு ஊதும் சத்தம் சந்தைவரை கேட்டது.

அதற்குப் பிறகுதான் அவள் பாத்திரத்தோடு இரண்டு கம்பங்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தாள். புல் முளைக்காமல் இரண்டு பாத அளவுக்குத் தரை பள்ளமாகியிருந்தது. வெளியூரிலிருந்து பூசணிக்காய் விற்க வந்த ஒருத்தி, கடை போட இடம் தேடிக்கொண்டு, தலையில் கூடையோடு அங்கே வந்து நின்றாள்.

“ஏங்க, இந்த இடத்துல யாராச்சும் இருக்காங்களா?”

“இல்லம்மா,” என்றாள் தெல்மீரா. அந்த இடத்தில் அவள் குரல் எழுந்து பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. “யாரும் இல்ல.”